காற்று வரும் வழி

வாலென்டி ஷிமுராவின் கதவும் என் கதவும் எதிரெதிரே இருந்தன. போலந்தின் தோருண் நகரில், விஸ்துலா ஆற்றின் தென்கரையில், நான்காவது மாடி. வேலைக்காலம் முழுவதும் ரயில் பெட்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர் அவர். ஓய்வுபெற்ற பிறகு, உள்ளங்கையில் அடங்கும் மாடல் விமானங்களுக்கு ஏர்பிரஷ் என்ற சின்னத் தெளிப்பானால் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். போர் விமானங்களைத் தொட மாட்டார். கிளைடர், ஆம்புலன்ஸ் விமானம், வயலுக்கு மருந்து தெளிக்கும் மஞ்சள் விமானம், இவைதான்.

அவர் மனைவி ரோமானாவுக்கு ஆஸ்துமா. உள்ளே ஏர்பிரஷ் சீறும்போதெல்லாம் அந்த அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு, படிக்கட்டுத் தளத்தில் நாற்காலி போட்டு, குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுவார்.

"என்னம்மா, இந்தக் குளிர்ல வெளிய உக்காந்திருக்கீங்க?"

"உள்ள ஏரோப்ளேன் பறக்குதுப்பா. எனக்கு டிக்கெட் கிடைக்கல."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒரு டிசம்பரில் அதே நாற்காலியில் அவருக்கு மூச்சு திணறியது. பெயின்டும் வேண்டாம், படிக்கட்டுக் குளிரும் வேண்டாம் என்றார் மருத்துவர். விமானங்களையெல்லாம் விட்டுவிடுகிறேன் என்றார் வாலென்டி. ரோமானா ஒப்புக்கொள்ளவில்லை.

"விட்டுட்டு நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பியா? அதுக்கு ஆஸ்துமாவே தேவலை. நல்லதா ஒரு பெட்டி வாங்கு. நான் என் வீட்டுக்குள்ள உக்காரணும், அவ்வளவுதான்."

பெட்டி என்று அவர் சொன்னது ஸ்ப்ரே பூத்தை. முன்பக்கம் திறந்த சின்னக் கூடு. உள்ளே வைத்து அடிக்கும் பெயின்டின் புகையைப் பின்னால் இருக்கும் ஃபேன் இழுத்து, ஃபில்டர் வழியாகக் குழாயில் வெளியே தள்ளும். வாலென்டி அதைத் தேர்ந்தெடுத்த விதம் எங்கள் மாடல் கிளப்பில் ஒரு மாதப் பேச்சாக இருந்தது. பூத் வைத்திருக்கும் ஒவ்வோர் உறுப்பினர் வீட்டுக்கும் போனார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி அணைப்பார். அதன் புகை பூத்துக்குள் எப்படிப் போகிறது என்று குனிந்து பார்ப்பார். ஓரங்களில் சுழல்கிறதா, முகத்துக்குத் திரும்புகிறதா என்று கவனிப்பார். தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"சின்னதே போதும் வாலென்டி," என்றார் கிளப்பை நடத்தும் காஜிக். "மடிச்சு அலமாரியில வெச்சுக்கலாம்."

"அது இழுக்கிறதுக்கு என் மூச்சே பரவாயில்ல."

"உன் மூச்சுல வோட்கா கலந்திருக்கு. அதுக்குத் தனி ஃபில்டர் வேணும்."

கடைசியில் அவர் வாங்கியது இரண்டு ஃபேன் கொண்ட அகலமான பூத். இருந்ததிலேயே வேகமாக இழுப்பது. குழாயை ஜன்னல் வழியாக விட்டால் பனிக்காற்று உள்ளே வந்து ரோமானாவின் நெஞ்சைப் பிடிக்கும். ஜன்னல்களும் புதியவை, குடியிருப்புச் சங்கம் மாட்டித் தந்த பிளாஸ்டிக் ஜன்னல்கள், மூடினால் ஊசி நுழையாது. அதனால் சமையலறைச் சுவரில், கூரைக்கருகே இருக்கும் காற்றுப்போக்கியின் கம்பிச் சட்டத்தைக் கழற்றி அதில் குழாயைச் செருகினார். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் ஃபேன் வைத்த அடுப்புச் சிம்னியின் குழாயை அதில்தான் விட்டிருந்தார்கள்.

நாற்காலி படிக்கட்டிலிருந்து உள்ளே போனது. அந்தக் குளிர்காலத்தில் ரோமானாவை நான் வெளியே பார்க்கவே இல்லை. அது எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கீழ்வாசலில் புகைபோக்கிக்காரர் வரும் தேதியை ஒட்டினார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர் வந்து, காற்றுப்போக்கிகளையும் குளியலறை கேஸ் கீசரின் புகைக்குழாயையும் சோதிப்பார். அந்தப் போக்கிகளில் ஃபேன் எதையும் இணைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே முந்தைய மாலையில் எல்லா மாடிகளிலும் திருப்புளிகள் சுழன்றன. குழாய்கள் கழன்றன, சட்டங்கள் சுவருக்குத் திரும்பின. வருடா வருடம் நடப்பதுதான், யாரும் அதை ஒளிப்பது என்று சொல்வதில்லை.

மறுநாள் என் முறைக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். எதிர்வீட்டில் கறுப்பு உடையோடு அவர் நுழைந்ததும் ரோமானா தன் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். புகைபோக்கிக்காரரைக் கண்டால் பொத்தானைப் பிடிப்பது அதிர்ஷ்டம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"ஃபேன் ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

"இல்லையே," என்றார் வாலென்டி.

கருவி நல்ல அளவைக் காட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் புகைபோக்கிக்காரர் என் பக்கம் திரும்பினார். மாலைக்குள் குழாய்கள் மறுபடி மேலே ஏறிவிட்டன.

அடுத்து வந்த சனிக்கிழமை ஆற்றின் ஓரங்கள் உறைந்திருந்தன. வாலென்டி மஞ்சள் விமானத்தின் இறக்கைக்கு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார். ரோமானா குளித்துக்கொண்டிருந்தார். வாலென்டிக்குத் தலை வலித்தது. தின்னர் நெடிதான் காரணம் என்று நினைத்து ஃபேனின் வேகத்தைக் கூட்டினார். வலி அதிகமானது. ஃபில்டர் அடைத்திருக்கும் என்று அதை மாற்றினார், மறுபடி ஃபேனைப் போட்டார். அப்போதுதான் குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

தட்டும் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தபோது ரோமானா தளத்தின் சிமென்ட் தரையில், ஒரு கோட்டால் சுற்றப்பட்டுக் கிடந்தார். பக்கத்தில் வாலென்டி மண்டியிட்டிருந்தார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு," என்றார்.

ரோமானாவுக்கு அங்கேயே மூச்சு திரும்பியது, முகத்தில் ஆக்ஸிஜனை வைத்துக் கீழே இறக்கினார்கள். தீயணைப்புக்காரர்கள் வீட்டைத் திறந்துபோட்டு, கருவியால் அளந்து, கார்பன் மோனாக்சைடு என்றார்கள். காற்று சுத்தமானதும் ஜன்னல்களை மீண்டும் மூடிவிட்டு, அவர்களில் ஒருவர் லைட்டரைப் பற்றவைத்து, அணைந்திருந்த கீசரின் புகைக்குழாய்ப் பக்கம் பிடித்தார். சுடர் குழாயை நோக்கிச் சாய்ந்தது. பூத்தைப் போடச் சொன்னார். சுடர் தயங்கி, நிமிர்ந்து, எங்கள் முகங்களின் பக்கம் வளைந்தது.

"இவ்வளவு காத்தை வெளிய தள்ளுறீங்க. அந்த அளவுக்குக் காத்து உள்ள வரணும்ல? ஜன்னல் மூடியிருக்கு. கீசர் குழாய் வழியாத்தான் வந்திருக்கு, புகையோட."

வாலென்டி அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ரயில் ஷெட்டுல கதவு எப்பவும் திறந்தே கிடக்கும்," என்றார்.

"புகைபோக்கிக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் கேட்டார். நான் சொல்லல."

ரோமானா வீடு திரும்பினார். கொஞ்ச காலம் வார்த்தைகள் அவர் நாக்கின் நுனிவரை வந்து நின்றுவிடும். அப்போதெல்லாம் வாலென்டி அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்க்க முடியாமல் நான் ஏதாவது சாக்கு சொல்லி எழுந்து வந்துவிடுவேன். பூத்தை அவர் குப்பைத் தொட்டியருகே கொண்டுபோய் வைத்தார். ரோமானா காஜிக்கிடம் சொல்லி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"பெட்டி என்ன பண்ணுச்சு? இழுன்னு சொன்ன, இழுத்துச்சு. பொய் சொன்னது நீ."

"ஆமா."

"ஆமான்னு சொல்லிட்டு மூலையில உக்காராத. எனக்கு அலுப்பா இருக்கு."

இப்போது பூத் சின்ன அறையில் இருக்கிறது. அதன் குழாய் ஜன்னலில் பொருத்திய ஒரு பலகை வழியாக வெளியே போகிறது. பெயின்ட் அடிக்கும்போது பக்கத்து ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும், கீசர் அணைந்திருக்கும், ரோமானா தங்கை வீட்டில் இருப்பார். குளிர்காலத்தில் வாலென்டி அடிப்பதே இல்லை. நிறமில்லாத விமானங்கள் வசந்தம்வரை அலமாரிமேல் நிற்கும்.

அடுத்த வருடம் மறுபடி புகைபோக்கிக்காரர் வரும் தேதியை ஒட்டினார்கள். வாலென்டி மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டினார். இந்த முறை குழாயைக் கழற்றி மறைக்க வேண்டாம் என்றார். சிலர் தலையாட்டினார்கள். ஐந்தாவது மாடி மனிதர் கதவை ஒரு சாண்தான் திறந்தார்.

"உங்க வீட்டுல நடந்ததுக்கு எங்க சிம்னி போகணுமா, ஷிமுரா?"

"உங்க வீட்டுலயும் கீசர்தான இருக்கு."

"போலீஸ் வேலையும் சேத்துப் பாக்குறீங்களா இப்ப?"

கதவு சாத்தப்பட்டது. அன்று மாலை மேலே திருப்புளிச் சத்தம் கேட்டது.

புகைபோக்கிக்காரர் வந்தபோது வாலென்டி அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"போன தடவை உங்ககிட்ட பொய் சொன்னேன். என் மனைவி சாகப் பாத்தா. இந்தப் படிக்கட்டுல ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு தடவை கேளுங்க."

அவர் எங்கள் இரு வீடுகளையும் முடித்துவிட்டு மேலே ஏறினார். வாலென்டி உள்ளே போகவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடி தளத்திலேயே நின்றார். மணி அடித்தது. கதவு திறந்தது. ஃபேன் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா என்ற கேள்வி எங்களுக்குக் கேட்டது.

இல்லை என்றார் அந்த ஐந்தாவது மாடி மனிதர்.

புகைபோக்கிக்காரர் மறுபடி கேட்டார்.

"இருக்கு," என்றது மேலிருந்து அதே குரல். "உள்ள வாங்க."