பருந்துக் குஞ்சின் முகம்

என் அக்கா புருஷன் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர். ஸ்டுடியோவில் "நாடியைத் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்று ஊரையே மிரட்டுவார். வீட்டில் வாயில்லாப் பூச்சி.

அக்காவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். எதிரே செல்போன் கோபுரத்தின் உச்சியில் ஒரு பருந்துக் கூடு. குஞ்சு கத்துவது கேட்கும். கண்ணுக்கு என்னவோ ஒரு கரும்புள்ளிதான். போனில் எடுத்தாலும் அதே புள்ளி.

"அது மொகத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதுங்க," என்றாள். வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை அவள்.

அத்தான், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் தேடிக் கிளம்பினார். நானூறு மில்லிமீட்டர் வரை போகிறது கைக்கு லேசு, ஆனால் எட்டுமா? அறுநூறு எட்டும்; ஆனால் கனம், வெளிச்சம் குறைந்தால் படம் இருட்டிவிடும். கடைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தார். குஞ்சுக்கு இறக்கை முளைத்துக்கொண்டிருந்தது.

"பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க அத்தான். ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலைங்களேன்!"

"அவசரப்பட்டா ஆகுமா? கண்ணு ஷார்ப்பா வரணும்ல?"

கடைசியில், இருந்த பழைய லென்ஸ்களை எல்லாம் மாற்றாகக் கொடுத்துவிட்டு அறுநூறை வாங்கி வந்தார். அன்று காலையில்தான் குஞ்சு பறந்து போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லென்ஸைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன்.

"போகட்டும் விடுங்க," என்றாள் அக்கா. "அதுல என்னை ஒண்ணு எடுங்க."

ஊரையெல்லாம் எடுத்த மனுஷர் அவளை மட்டும் ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. இப்போது சுவரோடு சுவராக ஒட்டி நின்று பார்த்தார். ஃபோகஸ் ஆகவில்லை. இரண்டரை மீட்டராவது தள்ளி நிற்க வேண்டுமாம் அந்த லென்ஸுக்கு. அறையே அவ்வளவு இல்லை. அறைக் கதவுக்கு வெளியே நின்றால் பீரோ மறைத்தது. தூரத்தையே விசாரித்தவர், கிட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"போன்லயே எடுங்களேன்," என்றாள் அக்கா.

"அதுக்கு நான் எதுக்கு, போட்டோகாரன்னு ஒருத்தன்?"

எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கிருந்து ஜன்னல் வழியாக எடுத்தார்.

அந்த வாரமே அக்கா போய்விட்டாள். கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அதில் அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக் காலிக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கண்ணு எவ்வளவு ஷார்ப்பா வந்திருக்கு, பாத்தியாம்மா?" என்கிறார் அத்தான், நான் போகும்போதெல்லாம்.

"ஆமாம் அத்தான்," என்கிறேன். வேறென்ன சொல்ல?