நான்காவது கவுன்ட்டரில் விழுந்த நிழல்

மதிப்பிற்குரிய வாசகர்களுக்கு வணக்கம். ஆய்வறிக்கைகளைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவள் நான். பெரியவர்கள் எழுதும் இடத்தில் துணிந்து நுழைந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆயினும் இதில் ஒரு சொல்லும் கற்பனை அன்று. நடந்தபோது நான் அங்கே இருந்தேன். பேய் என்றால் நள்ளிரவை எதிர்பார்ப்பீர்கள். அதற்கும் பொறுத்தருள வேண்டும். இது ஒரு விடுமுறை நாளின் மதியத்தில் நடந்தது.

எங்கள் ஆய்வகம் நிலத்தடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் அங்கே பகலும் இரவும் ஒன்றுதான். அறையின் நடுவே, ஒரு குடத்தின் அளவே உள்ள எஃகுக் கோளம். அதனுள்ளிருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, டியூட்டீரியம் என்னும் கனமான ஹைட்ரஜன் வாயுவைத் துளியளவு விடுவோம். உள்ளே இருக்கும் கம்பிக் கூண்டுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் ஊதா நிறத்தில் ஓர் ஒளி பிறக்கும். அணுக்கருக்கள் மோதி இணையும். நியூட்ரான்கள் எல்லாப் பக்கமும் பாயும். அவை மனிதர் மேல் படலாகாது. எனவே மேல்தளங்களில் ஆள் இல்லாத விடுமுறை நாள்களில்தான் கருவியை இயக்குவோம். நாங்கள் அமர்வது தடித்த கான்கிரீட் சுவருக்கு இப்பால் உள்ள சிறிய அறையில்.

என்னுடன் பணியாற்றியவர் அண்ணன். உடன்பிறந்தவர் அல்லர், பம்புகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். அங்கே எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கருவிக்கு அவர் வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை.

“கொஞ்சம் காத்து பட்டாப் போதும், முறுக்கிக்குவான். கேட்டதெல்லாம் கேட்ட நேரத்துல வேணும். அசல் மாப்பிள்ளைதான்!” என்பார்.

அன்று காலை அவருடைய மனைவி எனக்கு போன் செய்தார்.

“நேத்து அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி அடைச்சுதும்மா. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். இன்னிக்கு வேலைக்குப் போகாதீங்கன்னா கேக்கல. நீ சொன்னாத்தான் கேப்பாரு. குனிஞ்சு நிமிர விடாத.”

“நான் பாத்துக்கறேன் அண்ணி. பத்திரமா கொண்டுவந்து விடறேன்.”

அப்படித்தான் வாக்குக் கொடுத்தேன்.

எங்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. மின்சாரப் பலகையில் ஒரே ஒரு சாவி. மாற்றுச் சாவி கிடையாது. அது பலகையில் இல்லாமல் கருவி இயங்காது. கருவி அறைக்குள் போகிறவர் அந்தச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பியதும் “வெளிய வந்தாச்சு!” என்று குரல் கொடுத்து, சாவியைப் பலகையில் மாட்ட வேண்டும். பலகையில் சாவி இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நியூட்ரான் இரும்பைப் பெரிதாக மதிக்காது. தண்ணீரைக் கண்டால் தடுமாறும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர் அல்லவா? எனவே கருவிக்கும், நியூட்ரான்களை எண்ணும் கவுன்ட்டருக்கும் நடுவில் ஓர் ஆள் நின்றால், அந்தக் கவுன்ட்டரின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நியூட்ரானில் விழும் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அளவுள்ள பிளாஸ்டிக் பொம்மையில் தண்ணீர் நிரப்பி நாங்களே இதைச் சோதித்திருக்கிறோம்.

“இந்த ஆபீஸ்லயே நின்ன இடத்துல நின்னு வேலை பாக்கறவன் இவன் ஒருத்தன்தான்,” என்று அந்தப் பொம்மையின் தோளில் தட்டுவார் அண்ணன்.

அறையில் நான்கு கவுன்ட்டர்கள். முதலாவது கதவருகே. இரண்டாவது இடச்சுவரில். மூன்றாவது எதிர்ச்சுவரில். நான்காவது, அதற்கு அருகிலேயே, பெரிய பம்பின் பின்னால், தரையோடு தரையாக. அந்த மூலை மட்டும் கேமராவில் தெரியாது.

2.40க்கு மின்னழுத்தம் ஏற்றினோம். ஊதா ஒளி நிலைத்தது. ஸ்பீக்கரில் டிக்... டிக்... டிக் என்று தொடங்கிய ஓசை, மழைபோல் சடசடவென்று கொட்டியது. திரையில் நான்கு பச்சைக் கோடுகளும் சமமாக நின்றன.

2.47க்கு முதல் கோடு இறங்கியது.

“ஒயர் லூஸா இருக்கும்,” என்றார் அண்ணன்.

முதல் கோடு மீண்டும் ஏறியது. உடனே இரண்டாவது இறங்கியது. அதுவும் ஏறியது. மூன்றாவது இறங்கியது.

மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும்.

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கேமராவைப் பார்த்தோம். காலி அறை. ஊதா வெளிச்சம். யாரும் இல்லை.

“அண்ணா... யாரோ நடக்கற மாதிரி...”

“பேசாத. பாரு.”

மூன்றாவது கோடு ஏறியது. நான்காவது இறங்கியது. இறங்கியதுதான். அதன்பிறகு அசையவில்லை.

தரையோடு இருக்கும் கவுன்ட்டர் அது. அதை ஒருவர் மறைக்க வேண்டுமானால்... படுத்திருக்க வேண்டும்.

“கூட்டறவங்க யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களா?” அண்ணனின் குரல் உலர்ந்திருந்தது. “பம்ப் பின்னாடி விழுந்து கிடக்கறாங்கம்மா. ஆஃப் பண்ணு!”

அணைத்தேன். ஊதா ஒளி செத்தது. சடசடப்பு நின்றது.

“நான் போறேன் அண்ணா. நீங்க உக்காருங்க.”

“அந்த மூலையில நீ நுழைய முடியாது. எங்க ஒயர், எங்க பைப்புன்னு எனக்குத்தான் தெரியும்.”

“அண்ணிகிட்ட சொல்லிருக்கேன்...”

“உள்ள ஒரு உசுரு கிடக்குது. இப்பப் போய் அண்ணி நொண்ணின்னுட்டு!”

சாவியை உருவினார். சட்டைப்பையில் போட்டார். கதவைத் திறந்துகொண்டு போனார்.

கேமராவில் பார்த்தேன். கதவருகே சற்று நின்றார். இடச்சுவர் ஓரமாக நடந்தார். எதிர்ச்சுவர் பக்கம் திரும்பினார்.

ஒன்று... இரண்டு... மூன்று.

மைக்கைப் பிடித்து இழுத்தேன்.

அதே வழி. அதே வேகம்.

“அண்ணா, வெளிய வாங்க!” மைக்கில் கத்தினேன். “அண்ணா! நாலாவதுக்குப் போகாதீங்க!”

அவர் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். “இங்க யாரும் இல்லையேம்மா,” என்றார். மூலையை எட்டிப் பார்க்க ஓரடி வைத்தார். மறைந்தார்.

தொப்...

ஓடினேன். பம்பின் பின்னால் அண்ணன் தரையில் கிடந்தார். நான்காவது கவுன்ட்டரை மறைத்தபடி. மண்டியிட்டு அமர்ந்து அவர் மார்பை அழுத்தினேன். அழுத்தினேன்...

மூச்சில்லை.

வாய் இறுக மூடியிருந்தது.

அப்போது, என் முதுகுக்குப் பின்னால், கதவருகே...

“வெளிய வந்தாச்சு!”

அண்ணனின் குரல்.

திரும்பினேன். யாரும் இல்லை.

கதவு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

மாரடைப்பு என்றார் மருத்துவர். விழுந்த அக்கணமே உயிர் பிரிந்திருக்கும் என்றும், அதன்பின் ஒரு சொல்லும் பேசியிருக்க வழியில்லை என்றும் கூறினார். அன்று கட்டடத்துக்குள் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை என்பதைக் காவலாளி உறுதி செய்தார்.

விசாரணைக்காக அன்றைய பதிவைக் கணினியில் மறுபடி ஓட்டினேன். கருவியை அணைப்பதற்கு முந்தைய சில நொடிகள். எங்கள் இருவரின் கண்ணும் நான்காவது கோட்டின் மேலேயே இருந்ததால், மற்றவற்றை அன்று நாங்கள் கவனிக்கவில்லை.

நான்காவதில், படுத்திருக்கும் ஒரு நிழல். அது அண்ணன் என்று இப்போது தெரியும்.

மூன்றாவதில் இன்னொரு நிழல். கோடு சற்றே இறங்கியிருந்தது. மெலிந்த ஓர் ஆள் மண்டியிட்டு அமர்ந்தால் அவ்வளவுதான் இறங்கும். அது நான்.

முதலாவதும் இறங்கியிருந்தது. கதவருகே. பாதிக்கும் மேல்... எங்கள் பொம்மையால்கூட அவ்வளவு இறங்கியதில்லை.

அது யார் என்று எனக்குத் தெரியாது.

என் எழுத்தில் பிழை இருப்பின் பொறுத்தருள்க. அன்று இழந்தவற்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அண்ணன் போனார். அண்ணி என்னோடு பேசுவது நின்றது. கருவி இயங்காமல் கிடக்கிறது. சாவியும் போயிற்று. அண்ணனின் சட்டைப்பையில் அது இல்லை. அறை முழுவதும் தேடினோம். பம்பைக் கழற்றிப் பார்த்தோம். மருத்துவமனையில் கொடுத்த துணிகளையும் உதறினோம்.

பலகையில் சாவியின் இடம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.