முருங்கை மூட்டில் மொய்த்த எறும்பு

அக்காவைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அம்மா முதலில் செய்த வேலை, பெரியப்பாவை வயலுக்கு அனுப்பியதுதான். அறுவடை ஒன்றும் இல்லை. சும்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னாள். பெரியப்பாவுக்கு வலது காலில் விரல்கள் கிடையாது. வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் ஒரு சின்னக் காயம் ஆறாமலே கிடந்து அழுகி, பாளையங்கோட்டையில் வைத்து விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு எல்லோரும் சுகர் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அன்று நீரிழிவு என்பார்கள், அதையும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். தாத்தாவுக்கு இருந்தது. பெரியப்பாவுக்கு இருந்தது. அப்பாவுக்கும் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு பேர் வந்தால் யார் படியேறுவார்கள்? ஏற்கெனவே எங்கள் சேரன்மகாதேவிக்குள்ளேயே ஒரு இடம் தட்டிப் போயிருந்தது. அவர்கள் காரணம் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற பிள்ளை நான். அதனால் கொல்லைப்புற வேலை எனக்கு. அந்தக் காலத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் கொல்லைக்குத்தான் போவார்கள். அப்பா ஒதுங்குகிற சுவரோரத்தில் எப்போதும் எறும்பு மொய்க்கும். சிறுநீரில் சீனி இறங்கினால் அப்படித்தான். ஊரில் அதைப் பார்த்தே இன்னாருக்கு நீரிழிவு என்று சொல்லிவிடுவார்கள்.

"ஏட்டி, அப்பா போற இடத்துல நல்லாத் தண்ணிய ஊத்திச் சாம்பலத் தூவு. மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைக அங்கனதான் வருவாவ. ஒரு எறும்பு கண்ணுல படக்கூடாது பாத்துக்க" என்றாள் அம்மா.

குடம் குடமாக ஊற்றினேன். சாம்பலும் தூவினேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் காலை பஸ்ஸில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல உயரம். உட்காரும் முன்பே ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு அதையும் குடித்தார். பிறகு கொல்லைக்கு வழி கேட்டார். நான் குடத்தோடு ஓரமாக நின்றேன். அவ்வளவு பாடுபட்டுக் கழுவி வைத்த இடத்துக்கு அவர் போகவேயில்லை. எதிர்ப்பக்கம் முருங்கை மூட்டுக்கு, மரத்தடிக்குப் போனார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். அதாவது இலை போட்டுச் சாப்பிடுவார்கள். மனசில்லை என்றால் காப்பியோடு எழுந்து போய்விடுவார்கள். அம்மா சோறு, குழம்பு, சேமியா பாயசம் எல்லாம் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர்களோ காப்பி குடித்து வெகு நேரமாகியும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"பொண்ணு லட்சணமா இருக்கா மைனி, அதுல ஒரு கொறையும் இல்ல" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தாள். "ஒரு விசயம் கேட்டாத் தப்பா நெனைக்கப்பிடாது. உங்க வீட்டுப் பெரியவருக்குக் கால்ல என்ன?"

"வண்டிச் சக்கரம் ஏறிட்டு மைனி."

"எங்ககிட்ட வேற மாதிரில்லா சொல்லுதாவ."

"எவ சொன்னா?"

"எவளோ சொன்னா. சக்கரம் ஏறுனா வெரலு நசுங்கும். மாசக்கணக்கா சீழு வடியுமா? எங்க வீட்டுல அந்தச் சீக்கெல்லாம் கெடையாது. அதான் யோசிக்கோம்."

அப்பா விட்டத்தைப் பார்த்தார். உள்ளே அக்கா, அம்மாவின் பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு நின்றவள், தலையிலிருந்த பூவை எடுத்துவிடலாமா என்பதுபோல் அதில் கை வைத்தாள். இந்த இடமும் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

அம்மா அடுப்படிக்கு வந்து என் மேல்தான் பாய்ந்தாள். "ஒழுங்காத் தண்ணி ஊத்தினியா இல்லையாட்டி?"

"ஊத்தினேன்மா. இப்ப முருங்கை மூட்டுலயும் எறும்பா வருது. அங்கயும் ஊத்தட்டா?"

"அங்கன அப்பா எப்பம் போனாவ?"

"அப்பா போகல. வந்திருக்க மாமாதான் போனாவ."

அம்மா பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு தம்ளரில் பாயசம் ஊற்றி நேராகக் கூடத்துக்கு எடுத்துப்போனாள். நான் கதவிடுக்கில் நின்றேன்.

"அண்ணாச்சி, உங்களுக்குன்னு சீனியக் கொறைச்சே போட்டிருக்கேன். தைரியமாக் குடிங்க."

மாப்பிள்ளையின் அப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்ளரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பின்வாசல் தெரியும், முருங்கையும் தெரியும். அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டுச் செருமினார். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல காலு, வெரலுன்னு என்ன பேச்சு? எலையப் போடச் சொல்லு."

"நான் பொதுவாத்தான் கேட்டேன்" என்று அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா அடுப்படிக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இனி அவ நம்மளப் பேச முடியாது, நாம அவளப் பேச வேண்டாம். ரெண்டும் சரியாப் போச்சு" என்று அக்காவிடம் சொன்னாள். அப்படித்தான் அந்தச் சம்பந்தம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம். அத்தானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அக்காவை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு இந்த வயதிலும் சுகர் இல்லை. எனக்கு வந்துவிட்டது. அவள் பெற்ற மூன்றில் மகளுக்கு இல்லை, மகன்கள் இரண்டு பேருக்கும் முப்பது தாண்டும் முன்பே வந்தது. யாருக்கு வரும், யாரைத் தாண்டிப் போகும் என்று யார் கண்டது? பெரியவனுக்குப் பாதத்தில் புண் ஆறவில்லை என்று போனபோதுதான் தெரிந்தது. வீட்டில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது அதுதானே. பக்கத்திலிருந்த அக்காதான், "ரெண்டு வழியும் உண்டு டாக்டர்" என்று சொன்னாளாம். இரண்டு பக்கமும் இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம், முன்னாலேயே தெரிந்திருந்தால் சின்ன வயதிலிருந்தே சோதித்துப் பார்த்துச் சாப்பாட்டைக் கவனித்திருக்கலாமே என்று டாக்டர் வருத்தப்பட்டாராம். புண் ஆறிவிட்டது, காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்கு இருந்த சந்தேகம் வேறு. பந்தி முடிந்ததும் அவர் பாதியில் வைத்துவிட்டுப் போன தம்ளரை யாரும் பார்க்காமல் எடுத்துக் குடித்தேன். எங்கள் தம்ளரில் இருந்த அதே இனிப்பு, கொஞ்சமும் குறையவில்லை. அவ்வளவு பெரிய மனிதரிடம் அம்மா ஏன் அப்படி ஒரு பொய்யைச் சொன்னாள், அவரும் குடித்துப் பார்த்துவிட்டு ஏன் பேசாமல் இருந்தார் என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன்.