எங்கள் வீட்டு வைஃபையில் பத்தொன்பது பேர்

“அக்கா, உங்க வைஃபை மூணு நாளா சுத்திக்கிட்டே நிக்குது. என் நாடகம் பாதியில நிக்குது. கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

சொன்னவள் பக்கத்து வீட்டு மல்லிகா. சொன்ன இடம் எங்கள் கேட். குரலில் கெஞ்சல் கிடையாது. குப்பை லோரி வரவில்லை என்று மாவட்ட மன்றத்துக்குப் போன் போட்டுப் பேசும்போது வருமே, அந்தக் குரல். நான் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையோடு எழுந்து போய், மல்லிகா, அது எங்கள் வீட்டு வைஃபை, அதற்கு மாதா மாதம் பில் கட்டுவது நாங்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“அது தெரியும் லா அக்கா. அதனாலதானே உங்ககிட்ட வந்து சொல்றேன்.”

சமைப்பது, துவைப்பது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு வருவது என்று இருந்த இல்லத்தரசி உத்தியோகத்தில் இப்போது வைஃபைக்குக் காவல் இருப்பதும் சேர்ந்துவிட்டது. சம்பளம் மட்டும் பழைய சம்பளமே. பத்தாங் பெர்ஜுந்தாயில் தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் நான் பட்டதை எழுதுகிறேன். நீங்களும் பட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். இன்னும் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

திறந்தபடி நின்ற வாய்

மல்லிகாவின் நாடகம் நின்றால் எனக்கென்ன? என் மகள் திவ்யாவின் நேர்முகத் தேர்வு நின்றதுதான் என் வயிற்றெரிச்சல். டிப்ளோமா முடித்து எட்டு மாதம் ஆகிறது. எழுதிப் போட்ட விண்ணப்பங்களில் ஒரே ஒரு கம்பெனிதான் திரும்பிப் பார்த்தது. ஆபீஸ் கோலாலம்பூரில், முதல் பேச்சு வீடியோவில். சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். பின்னால் தெரியும் சுவரிலிருந்து நாள்காட்டியைக் கழற்றினேன். விசில் வரக் கூடாதென்று பருப்பைக்கூட வேக வைக்கவில்லை. உன்னுடைய பலவீனம் என்ன என்று அந்தப் பக்கத்து அம்மாள் கேட்டார். இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். படம் அங்கேயே நின்றுவிட்டது. நாலு நிமிஷம் அந்த அம்மாள் என் மகளின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நல்ல மனுஷி. அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி பேசலாம், அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று மின்னஞ்சல் அனுப்பினார். திவ்யா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

“அன்னிக்கும் நின்னுச்சுன்னா நான் லாப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போய் உட்கார்ந்துடுவேன் மா. நம்ம வீட்டு லைன் அங்கதான் நல்லா வருது.”

வருகைப் பதிவேடு

அவள் சொன்னது உண்மை. என் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். வேலை முடிந்து வந்தால் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு வீடியோ பார்ப்பார். அவர் வசதிக்காக ரூட்டர் பெட்டி வாசல் ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. அடுப்படியில் எனக்கு ஒரு கோடுகூட வராது. ரோட்டோரம் பர்கர் விற்பவருக்கு முழுசாக வரும். முதல் வேலையாகப் பெட்டியைத் தூக்கி வீட்டின் நடுவில் அலமாரி மேல் வைத்தேன்.

பிறகு ரூட்டருக்கான செயலியைப் போனில் இறக்கினேன். யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்று அது பெயர் வாரியாகக் காட்டுகிறது. கான்வென்டில் எங்கள் சிஸ்டர் தினமும் பெயர் கூப்பிடுவார். வராதவர்களைவிட, அந்த வகுப்பில் இல்லாமலே வந்து உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அவர் தேடுவார். அதே மாதிரி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்து எழுதினேன். மொத்தம் பத்தொன்பது. எங்களுடையது மூன்று போன், ஒரு டிவி, திவ்யாவின் லாப்டாப், ஆக ஐந்து. மீதிப் பதினாலும் வேற்று வகுப்புப் பிள்ளைகள். அதில் மல்லிகாவின் டிவி பெயரோடு இருந்தது. அதற்குக் கீழே ஒன்று, கேமரா என்று. எங்களிடம் கேமரா ஏது? நிமிர்ந்து பார்த்தேன். மல்லிகா வீட்டுக் கூரை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கேமரா கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. திருடன் வருகிறானா என்று பார்க்க வைத்த கேமரா, எங்கள் லைனில் ஓடுகிறது. அவள் புருஷன் குணாவைக் கூப்பிட்டு, தம்பி, இது நியாயமா என்று கேட்டேன். அவன் ரொம்ப மரியாதையாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொன்னான்.

“உங்க கேட்டும் அதுல தெரியுது அக்கா. உங்களுக்கும் சேர்த்துத்தான் காவல்.”

எழுதி ஒட்டாமலே தெரிந்த பாஸ்வேர்ட்

பதினாலு பேருக்கு பாஸ்வேர்ட் எப்படித் தெரியும்? இங்கே நீங்கள் எல்லோரும் செய்வதைத்தான் என் வீட்டுக்காரரும் செய்திருந்தார். கார் நம்பரை வைத்திருந்தார். அதோடு விட்டாரா? தீபாவளிக்குத் திறந்த இல்ல விருந்து வைத்தோம். தாமானில் பாதிப் பேர் வந்தார்கள், மலாய்க்காரர், சீனர் எல்லோரும். வந்தவர் ஒவ்வொருவரும் வைஃபை கேட்கிறார்களே என்று, முறுக்குத் தட்டுக்கு மேலே சுவரில் ஒரு மணிலா அட்டையை ஒட்டினார். அதில் நம்பரைக்கூட எழுதவில்லை. பாஸ்வேர்ட் எங்கள் கார் நம்பர், இடைவெளி விடாமல் அடிக்கவும் என்று மலாயிலும் தமிழிலும் எழுதியிருந்தார். மறுநாள் அட்டையைக் கிழித்தாயிற்று. கார்? அது வாசலில்தான் நிற்கிறது, முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை. ராத்திரியில்கூடத் தெரியட்டும் என்று அதற்கு விளக்கு வேறு.

இதைச் சொல்லிக் கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எஸ்டேட் லயத்தில் ஒரே குழாயில் எட்டு வீடு தண்ணீர் பிடித்தோம், யார் யாரைக் கேட்டது என்றார். குழாயடியில் எட்டு வீடும் குடுமியைப் பிடித்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் கேட்டார்:

“அதுக்கு இப்ப காரையா விக்கச் சொல்ற?”

கல்லாவும் மேசையும்

டவுனில் நாங்கள் ரொட்டி சானாய் வாங்கும் சாப்பாட்டுக் கடை ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துடையது. முதலாளியை எல்லோரும் நானா என்போம். அவர் கடையில் மேசைக்கு மேசை வைஃபை பாஸ்வேர்ட் ஒட்டியிருக்கும், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அப்படியும் அவருடைய பில் மிஷின் ஒரு நாளும் நின்று நான் பார்த்ததில்லை. எப்படி நானா என்று கேட்டேன். ஒரே பெட்டியில் இரண்டு பெயர் வைக்கலாமாம்: ஒன்று கடைக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. வருகிறவர்கள் லைனில் இருப்பவர்களால் கடை லைனுக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது, எல்லாவற்றையும் உறிஞ்சவும் முடியாது.

அதோடு அவர் இன்னொன்றும் கேட்டார். பெட்டிக்கு உள்ளே போகிற பாஸ்வேர்டை மாற்றினீர்களா? அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டியிருந்தது, ஊரில் எல்லாப் பெட்டிக்கும் போட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு சொல். வைஃபை பாஸ்வேர்டை நான் நூறு முறை மாற்றினாலும், அது தெரிந்தவன் லைனுக்குள் நுழைந்தால் எல்லாவற்றையும் மாற்றி என்னையே வெளியே தள்ளிவிடலாம். அன்றைக்கே மாற்றினேன். பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்த்துக்கொள்கிற வசதி ஒன்று இருந்தது, அதையும் அணைத்தேன். நானா ரொட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது சொன்னதை அடுப்படியில் எழுதி ஒட்டலாம்:

“சோறு யாருக்கு வேணும்னாலும் போடுவேன்மா. கல்லாப்பெட்டியைக் கொண்டாந்து மேசையில வைக்க மாட்டேன்.”

நீளம்

புது பாஸ்வேர்ட் நான் வைத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு சொல், நடுவில் எண்கள், கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி. யாருடைய பிறந்த நாளும் இல்லை, எந்த வண்டியும் இல்லை, எந்தச் சாமியும் இல்லை. மாற்றிய பத்தாவது நிமிஷம் மல்லிகா கேட்டில் நின்றாள், பாஸ்வேர்ட் தப்பு என்று வருகிறதாம். அவளும் குணாவும் ரவாங்கில் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. இருவரும் வெளியே போனால் வீட்டைப் பார்ப்பது அந்தக் கேமராதான். அதனால் நானா சொன்ன மாதிரி விருந்தினர் என்று இரண்டாவது பெயர் ஒன்று வைத்து, அந்த லைனை இந்த மாசக் கடைசி வரைக்கும் கொடுத்தேன். அதற்குள் சொந்தமாக ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும், வியாழன் காலை அது அணைந்திருக்கும் என்று இரண்டு நிபந்தனை. என் வாய் நீளம், மனசு அவ்வளவு மோசமில்லை.

வீட்டுக்காரருக்கு அவர் போனில் அடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிட்டது. ஒற்றை விரலால் குத்துகிறார், பாதியில் கண்ணாடியைத் தேடுகிறார், முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். வாசல் நாள்காட்டியில் எழுதி வைக்கிறேனே என்றார், பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை தப்பானதும் போனை மடியில் வைத்துவிட்டார்.

“இது பாஸ்வேர்டா, பெட்டிஷனா?”

சபாக்கிலிருந்து விருந்து

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் சபாக்கிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனை நீட்டினார். நான் விருந்தினர் லைனைப் போட்டுக் கொடுத்தேன். பெயரைப் படித்தார். இது என்ன, விருந்தினர் என்று இருக்கிறது, உங்களுக்கும் இதுதானா என்று கேட்டார். எங்களுக்கு வேறு என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், கான்வென்ட் படிப்பு இந்த மாதிரி நேரத்தில்தான் காலை வாரும்.

அத்தனை பேர் உள்ளே இருந்ததையும், வியாழக்கிழமையையும், திவ்யாவின் பல்லையும் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தம்பி பெண்டாட்டிக்கு மருமகளே தேவலை என்கிற மாதிரி திவ்யாவின் தலையைத் தடவினார். சாப்பிட்டார். மீன் குழம்பைப் பாராட்டினார். என் வீட்டுக்காரர் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ரகசியமாக எங்கள் பாஸ்வேர்டைச் சொல்லப் பார்த்தார். இரண்டாவது சொல்லுக்கு மேல் அவருக்கு வரவில்லை. நாத்தனார் காரில் ஏறி, கதவைச் சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“என் தம்பி வீட்டுல எனக்குத் தனி டம்ளர்.”

வியாழன், பத்து மணி

வியாழன் காலை ஒன்பதரைக்கு விருந்தினர் லைனை அணைத்தேன். பிறகு கடைசியாக ஒரு தடவை பெயர் கூப்பிட்டேன். ஐந்து இருக்க வேண்டும். ஆறு இருந்தது. ஆறாவது, ஃபாராவின் லாப்டாப் என்று. எங்கள் வரிசையில் ஃபாரா என்று யாரும் இல்லை. இத்தனை பூட்டுக்கும் பிறகு உள்ளே வந்திருக்கிறாளே, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே அவளைத் தடை செய்தேன். இனி எந்த பாஸ்வேர்ட் போட்டாலும் நுழைய முடியாது. ஒரு திருப்தியோடு போய்த் தேநீர் கலக்கினேன்.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு அறைக்குள்ளிருந்து, லைன் வரவில்லை என்று திவ்யாவின் சத்தம். திவ்யாவின் லாப்டாப்பில் கேமரா மங்கல் என்று, முதல் நாள் சாயங்காலம் கூடப் படித்த தோழியின் லாப்டாப்பை இரவல் வாங்கி வந்திருக்கிறாள். தோழியின் பெயர் ஃபாரா. என்னிடம் சொல்லவில்லை. நான் போனை எடுத்தேன், கண்ணாடி இல்லை. கண்ணாடியை எடுத்தேன், போனை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகமான ஒரு காரியம் செய்தார்; வாயைத் திறக்காமல் போனைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தார். தடையை நீக்கும்போது பத்துக்கு ஒரு நிமிஷம். லாப்டாப்பில் அந்த அம்மாளின் முகம் வந்தது. திவ்யா சிரித்து வணக்கம் சொல்வதற்கு முன், உதடு அசையாமல் என்னிடம் சொன்னாள்:

“பதினாலு பேரைப் பிடிச்சு, கடைசியில என்னையும் பிடிச்சிட்டீங்களே மா.”

இப்போது

முப்பத்தைந்து நிமிஷம் பேசினார்கள். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை. பலவீனத்தைப் பற்றி மறுபடி கேட்டார்களாம். எங்கம்மா என்று சொல்ல வாய் வந்ததாம், அடக்கிக்கொண்டாளாம். வேலை கிடைத்துவிட்டது. ஃபாராவும் இன்னும் இரண்டு பெண்களும் இருக்கும் அறையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கே வைஃபை பாஸ்வேர்டை யார் வைத்தது, எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், அப்புறம் கூப்பிடுகிறேன் மா என்கிறாள்.

பதினாலு பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பத் தெரிந்தவளுக்குப் பெற்ற மகளிடமிருந்து பதில் வரவழைக்கத் தெரியவில்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட பலன். திங்கட்கிழமை அவளுக்கு அனுப்பிய செய்தி, படித்ததற்கு நீல டிக் விழுந்தும், இன்னும் அப்படியே கிடக்கிறது: “ரூம் பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்து. மாத்திட்டு ஒரு நிமிஷம் வீடியோவில முகத்தைக் காட்டு.”