சுவர் கேட்ட மனு

முதலில் ஒரு திருத்தம். நம் தெரு வாட்ஸப் குழுவில் இரண்டு வாரமாக என்னை "ஸ்டேடியம் கேட்ட டீச்சரம்மா" என்று எழுதுகிறார்கள். நான் டீச்சர் இல்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் டைப்பிஸ்ட். ஸ்டேடியமும் நான் கேட்கவில்லை.

ஆனால் அந்த வார்த்தையைத் தட்டியது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

அந்தக் காலத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் கிரவுண்டில் எப்போதும் நெத்திலி வாசனை... காலையில் பெண்கள் அங்கே கருவாடு காயப்போடுவார்கள். நாலு மணிக்கு அவர்கள் அள்ளிக்கொண்டு போனதும், ஹார்பரில் ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் பந்தோடு இறங்குவார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு, அதன் மேல் நிலக்கரித் தூசி. ஆட்டம் முடிந்து என் வீட்டுக்காரர் அந்தோணி சிரித்தால் பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். காலைக் கழுவிவிட்டு உள்ளே வரும்படி தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

கிரவுண்டுக்குக் கிழக்கே ஒரு வரிசை வீடுகள். மேற்கே லாரி ரோடு. ரோட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

என் கொழுந்தன் சேவியர் கோல் கீப்பர். இருபத்தாறு வயது. மூட்டை தூக்கிப் பழகிய கை. பந்து வந்தால் ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம், ஒரு ஞாயிறு மாலை, பந்து ரோட்டுக்கு உருண்டது. எடுக்கப் போனான். இரும்பு ஏற்றி வந்த லாரி...

பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ அதைத் துடைத்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் அந்தோணி என் முன்னால் உட்கார்ந்தார். "பிலோ, ஒரு மனு தட்டிக் குடு. செவுரு ஒன்னு, தண்ணிக்கு கொயா ஒன்னு, லைட்டு ரெண்டு. அவ்ளோதான்."

மனு இங்கிலீஷில். தலைப்பில் கிரவுண்டு என்று போடச் சொன்னார். நான் கான்வென்டில் படித்தவள். கட்டுரையில் சாதாரண வார்த்தை போட்டால் மதர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். கிரவுண்டு என்றால் வெறும் தரை, ஆபீசர்கள் மதிக்க மாட்டார்கள் என்று சொல்லி, ஸ்டேடியம் என்று தட்டினேன்.

"இன்னாது, டேசனா? நாங்க இன்னா ரயிலா வுடப்போறோம்?"

தம்பி போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காக வார்த்தையை மாற்றாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. பெருமைக்காக விட்டேன்.

வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். பாதிப் பேருக்குக் கைநாட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, கிரவுண்டுக்குச் சுவர் கேட்டிருக்கிறோம் என்று தமிழில் சொன்னேன். தாளில் இருந்ததை இருந்தபடி வாசிக்கவில்லை. கிழக்கு வரிசையில் இருந்த மீன்கார முனியம்மா, ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டைவிரலை மையில் ஒற்றி அழுத்தி வைத்தார்.

பதில் வரவில்லை. சுவரும் வரவில்லை. கடைசியில் ஆண்களே மூங்கில் நட்டு, கிழிந்த மீன்வலைகளைச் சேர்த்துக் கட்டி ரோட்டுப் பக்கத்தை அடைத்தார்கள். வலை பந்தைப் பிடித்தது. அதன் பிறகு அங்கே யாரும் சாகவில்லை.

போன மாதம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். ப்ரொஃபஷனல் ஃபுட்பால் ஸ்டேடியம் வருகிறதாம். பார்க்கிங்குக்குக் கிழக்கு வரிசை வீடுகளின் இடம் வேண்டுமாம். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு கோச் எழுந்தார். "எங்க புள்ளைங்க ஒரு மேட்ச் ஆட ஊரு ஊரா போவுதுங்க. நம்ம பக்கம் ஒன்னு கட்னா இன்னா தப்பு?" என்று கேட்டார். தப்பே இல்லை. கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்து திரையில் ஒரு தாளைக் காட்டினார்கள். என் மெஷினில் ஓர் எழுத்து எப்போதும் வரியை விட்டுச் சற்று மேலே ஏறி விழும். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பகுதி மக்கள் அந்தக் காலத்திலேயே ஸ்டேடியம் கேட்டிருக்கிறார்கள் என்றார் அதிகாரி. தலைப்பைக் காட்டினார். கைநாட்டுகளைக் காட்டினார். சுவர், குழாய், விளக்கு என்றிருந்த மூன்று வரிகளைக் காட்டவில்லை.

எனக்கு அடுத்த நாற்காலியில் முனியம்மாவின் மகள் கன்னியம்மா. அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறாள், அம்மாவின் கூடையைத்தான் தூக்குகிறாள். அவள் கதவில் ஏற்கெனவே சிவப்பு பெயின்டில் எண் போட்டுவிட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை.

"இன்னாக்கா, நீ எய்திக் குட்த்த காயிதத்தாலதான் எங்க வூடு போவுதாமே? எங்கம்மா ரேகைய வச்சே எங்கள தூக்குறாங்களே."

"அன்னைக்கு நான் ஒழுங்கா படிச்சிக் காட்டலடி" என்றேன்.

"தெரியுதுக்கா."

மறுநாளிலிருந்து அவள் என் வாசலில் கூடையை இறக்குவதில்லை.

அன்று ஒரு சுவர் கேட்டோம்; ஒரு வரி பதில் கிடையாது. இன்று கேட்காததற்கு வழவழ தாளில் கலர் படம் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். கிரவுண்டில் பாதி இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மீதியில் இப்போதும் ஆடுகிறார்கள்... மாடியிலிருந்து பார்ப்பேன். நீங்கள் சொன்ன வார்த்தைதான் சரி என்று அந்தோணியிடம் ஒத்துக்கொள்ளலாமென்றால், அவர் போய் ஆறு வருடமாகிறது.

திட்ட அலுவலகத்தைச் சேர்ந்தவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்தத் தலைப்பு என் பிழை, கைநாட்டு வைத்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை உங்கள் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். மனுவைத் தட்டியவள் என்ற முறையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிழக்கு வரிசை வீடுகள் அங்கேயே இருக்குமா, இருக்காதா?

பதிலைத் தமிழில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள்.