வெயிலுமுத்து கொடுத்த ரத்தம்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வெயிலுமுத்துவின் ஊசி ஏறாத கையே கிடையாது. காலையில் ஆறரைக்கே பையைத் தோளில் மாட்டிக்கிட்டுச் சந்துக்குள் நுழைஞ்சிருவார். வீடுவீடாய் ரத்தம் எடுத்து லேபில் சேர்க்கிற வேலை. எடுக்கிறது ரெண்டு மில்லி, கொடுக்கிற புத்திமதி ரெண்டு லிட்டர். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். "என்னக்கா, கண்ணு இப்படி வெளுத்துக் கெடக்கு! முருங்கைக்கீரை தின்னா என்ன, பல்லு கொட்டிருமா?" டாக்டரெல்லாம் இவர்கிட்டப் பிச்சை வாங்கணும் போங்க.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை ஒரு சோதனை வந்துச்சு. லேபில் புது உத்தரவு. ஊசி பிடிக்கிறவங்களுக்கு ஹெபடைடிஸ் பி வைரஸைத் தடுக்கிற எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் எவ்வளவு இருக்குன்னு சோதிக்கப் போறாங்க. பத்துக்கு மேல் இருந்தால் ஊசியைத் தொடலாம். குறைஞ்சால், மறுபடி தடுப்பூசி போட்டு அளவு ஏறுகிறவரை கம்ப்யூட்டர் முன்னால்தான் உத்தியோகம். வெயிலுமுத்துவுக்கோ மவுசைப் பிடிச்சால் அம்புக்குறி எங்கே ஓடுதுன்னே தெரியாது.

மூணு தவணையும் போட்டாச்சுன்னு ஆறு வருசத்துக்கு முந்தியே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். போட்டது ஒண்ணே ஒண்ணு. அதுக்கே ரெண்டு நாள் காய்ச்சல்னு குப்புறப் படுத்துக்கிட்டார். ஊரையே குத்துகிற ஆளுக்குத் தன் தோள் மட்டும் வெண்ணெய்க்கட்டி!

வீட்டுக்காரி மாரீஸ்வரி, சயான் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. மூணு தவணையும் ஒழுங்காய்ப் போட்டுக்கிட்டவள். மனுசன் யோசிச்சார். மறுநாள் காலையில் அவள் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள் கையை இழுத்து ரப்பர் பட்டையைக் கட்டினார்.

"எதுக்குங்க இது?"

"சும்மா இரு. எல்லாம் என் பொழப்புக்குத்தான்."

"தலை சுத்துதுங்க. ரெண்டு மாசமாவே மூச்சு வாங்குதுன்னு சொல்லுதேன்லா?"

"ரெண்டு டியூபுக்கே சுத்துதாக்கும், மகாராணிக்கு?"

ஒரு டியூப் எதிர்ப்புச் சக்திக்கு. இன்னொண்ணு, ஊழியர் எல்லாருக்கும் கூடவே பார்க்கிற சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு. ரெண்டிலும் தன் பேரை ஒட்டினார். முழங்கை மடிப்பில் பஞ்சு வேறே! தன் கையில் தானே குத்திக்கிட்டதாய் லேபில் ஒரே பீத்தல். கேட்டவங்களும் ஆச்சரியப்பட்டாங்க, பாவம்.

சாயங்காலம் லேப் இன்சார்ஜ் சஃபீனா ரிப்போர்ட்டோடு வந்தாள்.

"எதிர்ப்புச் சக்தி அறுநூறுண்ணே!"

வெயிலுமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மீசையைக்கூட ஒரு தடவை தடவிக்கிட்டார்.

"ஆனா ஹீமோகுளோபின் ஆறுதான் இருக்கு. பதிமூணாவது வேணும்ணே! மெஷின்ல ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன். இதை வெச்சுக்கிட்டு எப்படி நடமாடுறீங்க? பெஹ்லே பைட்டோ, முதல்ல உக்காருங்க. ஆட்டோ சொல்றேன், உடனே ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஆறுன்னா என்னன்னு அவருக்கா தெரியாது? கையிலிருந்த பஞ்சைப் பிய்ச்சு எறிஞ்சார். கீழே ஒரு ஊசிக்குத்தும் இல்லை.

"அது என் ரத்தம் இல்ல தாயி. என் வீட்டுக்காரியோடது." மீசை துடிச்சுது, கண் நிறைஞ்சுது. "வேலையை விட்டுத் தூக்குறதுன்னா என்னை நாளைக்குத் தூக்கிக்கிடுங்க. அந்த ரிப்போர்ட்டை இப்பக் கொடுங்க. அவ இந்நேரம் டூட்டியில தண்ணி வாளி தூக்கிக்கிட்டு இருப்பா."