குருசுக்குப்பத்தில் ரெஜினா அக்காவோடு ஒரு மாலை

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வொயிட் டவுனைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் குருசுக்குப்பம். முதல் வேலையில் இருந்த இரண்டு ஆண்டுகளும் நான் அங்கேதான் குடியிருந்தேன், ரெஜினா அக்கா வீட்டு மாடியில். போன ஜனவரியில் அக்கா போன் செய்தார். "ஒருநாள் வந்துட்டுப் போ டி. உன்ன ஒண்ணு கேக்கணும்."

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். பேருந்தில் நான்கு மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய், அதுவும் பேரம் பேசிய பிறகு.

பழைய ஓட்டு வீடுகளில் பாதி இப்போது மூன்று மாடியாகிவிட்டன. என் அறை ஜன்னலில் தெரிந்த கடலை எதிர்வீட்டுச் சுவர் மறைத்திருந்தது. அப்போதெல்லாம் அந்த ஜன்னலில் நின்றுதான் காலையில் தலை துவட்டுவேன். சற்று நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா மணலில் கால் வைக்க ஆசைப்பட்டார். குப்பத்துப் பக்கம் கரையெல்லாம் பாறாங்கல். தலைமைச் செயலகத்துக்கு எதிரில்தான் மணல் சேர்ந்திருக்கிறது. ஆட்டோ பிடித்தோம். டிரைவர் கடற்கரைச் சாலைக்கு முன்பே நிறுத்திவிட்டார்.

"ஆறு மணி ஆயிடுச்சிம்மா, இதுக்கு மேல வண்டி வுட மாட்டாங்க."

முட்டி வலியோடு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் காலைத் தொட்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"மார்சேய்க்கு வந்துடுன்றான் பையன். இன்னிக்கு ராத்திரி டிக்கெட் போடணுமாம். நீ இன்னா சொல்ற?"

அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் குடும்பம் பிரான்சில், மார்சேய் நகரத்தில். போகாதீர்கள் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. அக்காவும் போய்விட்டால் இந்த ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.

"போன மாசம் பாத்ரூம்ல வுழுந்துட்டேன்," என்றார் அக்கா. "விடியற வரைக்கும் அங்கயே கிடந்தேன். யாருக்கும் சொல்லல, பையனுக்குக்கூட."

"போங்கக்கா," என்றேன். அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் வார நாளில் போங்கள். மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நடக்க அதுதான் நல்ல நேரம். குருசுக்குப்பத்துச் சந்துகளில் யாராவது "யார் வூட்டுக்கு?" என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். வழியும் சொல்வார்கள்.

போன வாரம் மார்சேயிலிருந்து அக்காவின் குரல் செய்தி வந்தது.

"வூட்டுல இருந்தே கடலு தெரியுது டி. அழகாத்தான் இருக்குது. ஆனா அலையே இல்ல, ஏரி மாரி கிடக்குது."

பின்னால் ஒரு சின்னப் பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்கிறாள். அக்கா என்னை மறந்துவிட்டு அவளிடம் தமிழில் சொல்கிறார். "இரு கண்ணு, ரசம் கொதிக்குது. தோ வர்றேன்."